பத்தடி காப்பர் பைப்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகப் புறங்கையைக் காற்றில் நீட்டிப் பார்ப்பது அந்த ஏசி மெக்கானிக்கின் வழக்கம். குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். பேங்க், ஆஸ்பத்திரி, துக்க வீடு எதுவும் விலக்கில்லை. ஓர் இழவு வீட்டில் ஃப்ரீசர் பெட்டிமேல் கையை வைத்து, "கேஸ் கம்மியா இருக்கு" என்று முணுமுணுத்து, சொந்தக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "என் நெத்தியை ஒரு நாளாவது இப்படித் தொட்டுப் பாத்திருப்பாரா" என்று மனைவி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் தொழிலுக்கு வந்த புதிதில் ஊரில் ஏசி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு வெயில் ஏறியது, கூடவே அவருக்கு வேலையும் ஏறியது. இந்த வருடம் வெயில் போன வருடத்தைத் தாண்டும் என்று செய்தியில் சொன்ன அன்று, அவருக்கு வேலை தரும் ஏசி டீலர் தன் கடையில் கேக் வெட்டினார். மெக்கானிக்கும் ஒரு துண்டு தின்றார். வீட்டில் அரிசி வாங்குவதே அந்த வெயிலால்தான் என்பதால், அதைத் திட்ட அவருக்கு வாய் வருவதில்லை.

ஒரு மழைக்காலத்தில், ஏசி விலை இறங்கியிருந்த சமயம், மூன்று மாடி டியூஷன் சென்டருக்குப் பன்னிரண்டு ஏசி மாட்டும் வேலை வந்தது. சூட்டை வெளியே தள்ளும் பெட்டிகளை மொட்டை மாடியில் வைப்பதுதான் முறை. ஆனால் ஒவ்வொரு ஏசியோடும் கம்பெனி இலவசமாகத் தருவது பத்தடி காப்பர் பைப். அதற்குமேல் ஒவ்வோர் அடிக்கும் காசு. கீழ் மாடியிலிருந்து மொட்டை மாடிவரை போனால் நாற்பதடி ஆகும். சென்டர் மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பத்தடிக்குள் எந்தச் சுவர் வருகிறதோ அதிலேயே மாட்டச் சொன்னார். வந்தது பின்சுவர். அதற்கும் எதிர் வீடுகளுக்கும் நடுவே, கையை எட்டி நீட்டினால் அந்தப் பக்கத்து ஜன்னலைத் தொட்டுவிடும் அளவுக்கு ஒரு சந்து.

மழைக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. கயிற்றில் தொங்கியபடி ஏழாவது பெட்டிக்கு அவர் துளை போட்டுக்கொண்டிருந்தபோது எதிர் ஜன்னல் திறந்தது. எட்டிப் பார்த்தவர் அவருடைய சொந்த அக்கா. அக்கா வீட்டுக்கு மெக்கானிக் எப்போதும் முன்தெரு வழியாகவே போய் வந்தவர். பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

"அடப்பாவி, நீதானா? என்னடா பல்லி மாதிரி தொங்கறே?"

அக்கா ஜன்னல் வழியே டம்ளரை நீட்டினார். அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டே டீயை வாங்கிக் குடித்தார். தம்பி இவ்வளவு பெரிய இடத்தில் வேலை செய்கிறான் என்று அக்காவுக்கு ஒரே பெருமை. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளர் எட்டுகிற தூரம் சூட்டுக்கு எட்டாதா? இன்னும் ஐந்து பெட்டி பாக்கி இருந்தது. மழைக் குளிரில் சூடு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஐந்தையும் மாட்டிவிட்டு இறங்கினார்.

வெயில் வந்ததும் தெரிந்தது. அக்கா தனி ஆள், ஒற்றை அறை, தையல் மிஷினை வைத்துப் பிழைப்பு. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் முகம் பொசுங்கும். "துணி காயப்போட்டா அஞ்சே நிமிஷம்டா, உன் புண்ணியம்" என்று முதலில் கேலிதான் செய்தார். ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின்மேல் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பகலில் அந்த அறையில் இருந்தால் அடுத்த முறை பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மெக்கானிக் மேனேஜரிடம் போய் நின்றார். பெட்டிகளை மேலே மாற்றலாமா என்று கேட்க நினைத்துப் போனவர், மேனேஜர் முதல் கேள்வியாக மகளின் படிப்பைப் பற்றி விசாரித்ததும் வாயை மூடிக்கொண்டார். மகள் அந்த சென்டரில்தான், இரண்டாவது மாடியில், பாதிக் கட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டீலரோ சிரித்தார். அக்காவுக்கும் ஒரு ஏசி மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, இதற்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போடுவானேன் என்றார்.

அது அவருக்கு நியாயமாகவே பட்டது. பழைய ஏசி ஒன்றைத் துடைத்துச் சரிசெய்து, வண்டியில் வைத்துக் கொண்டுபோனார். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதோட வெளிப்பெட்டிய எங்க வைப்ப?"

"இதே சந்துலதான்க்கா. கொஞ்சம் கீழ இறக்கி."

"கீழ் வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

அவர் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

"எனக்கு வர்ற சூட்டை அந்தப் புள்ள மேல தள்ளச் சொல்றியா? எடுத்துட்டுப் போடா."

வண்டிவரை வந்த அக்காவே ஒரு வழியும் சொன்னார். பெட்டிகளின் முன்னால் தகரக் கூண்டு அடித்தால் சூடு மேலே போய்விடாதா? போகும்தான், ஆனால் பெட்டியில் எதையாவது பொருத்தினால் கம்பெனி கேரண்டி போய்விடும் என்றார் அவர். "கேரண்டி போனா என்ன, ரிப்பேர் பண்ணப்போறவன் நீதானே" என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இந்த வாரமே அடித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரம் ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வந்தது. வெயில் முடியட்டும் என்று இருந்தார். மழை வந்ததும் கூண்டுக்கு அவசரமில்லாமல் போயிற்று. கேரண்டியைக் கெடுத்தது யார் என்று விசாரித்தால் டீலர் தன்னைக் கழற்றிவிடுவார் என்ற பயம் எல்லாப் பருவத்திலும் இருந்தது. தப்பு பத்தடியோடு நிறுத்திய கம்பெனியுடையதா, கணக்குப் பார்த்த மேனேஜருடையதா என்று பஸ்ஸில் போகும்போது யோசிப்பார். மின்விசிறிகூட இல்லாத வீடுகளிலிருந்து வந்து சென்டரில் படிக்கிற பிள்ளைகள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. யோசனை தன் பக்கம் திரும்புவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

மூன்றாம் வருடம் ஏணியிலிருந்து விழுந்து முட்டி போயிற்று. இனிக் கயிற்றில் தொங்க முடியாது. டீலர் கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். கூண்டு மாட்டிக் கொடுங்கள் என்று சின்ன மெக்கானிக்குகளைக் கேட்டால், இது எந்தக் கம்பெனி கணக்கில் வரும் என்று கேட்கிறார்கள்.

மகள் பட்டம் வாங்கிய சேதியைச் சொல்ல அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை மாடிப்படித் திருப்பத்தில் மிஷினைப் போட்டு, ஏறி இறங்குகிறவர்களுக்கு முழங்காலை ஒதுக்கி வழிவிட்டபடி தைத்துக்கொண்டிருந்தார். இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, படியில் காற்று நன்றாக வருகிறது என்றார். மகள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதையே கேட்டாள்.

அவர் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அத்தைக்கு நான் பன்னெண்டு கூண்டு தரணும்மா" என்றார்.

இன்றுவரை ஒன்றுகூடத் தரவில்லை.