தோல் எனக்கு, சதை அவருக்கு

எனக்குச் சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, லிந்துலை பஸ் போய்விடுமே என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்காவை அடக்கம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவளுக்கும் இதே வருத்தம்தான். முதலில் பெருவிரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கடைசியில் மீதியும் போனது. சாவுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தேன். எல்லாரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். பால் கரைப்பது, துடைப்பது, தூங்க வைப்பது. முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு நானும் ஒரு பிள்ளையாக வாயடித்துக்கொண்டிருப்பேன். அக்கா போன பிறகு கை மட்டும் வேலை செய்தது. ஒரு பிள்ளை விழுந்து அழுதால் தூக்கினேன், அவ்வளவுதான்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. என் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீனி எல்லைக்கோட்டில நிக்குது அம்மா. உங்கட அக்காவுக்கும் இருந்தது எண்டு சொல்லுறீங்கள், அதாலதான் பயம். இப்ப கவனிச்சா மறிக்கலாம். மூண்டு மாசத்தால திரும்பிப் பாப்பம்."

நடக்கச் சொன்னார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் எங்கள் பழக்கத்தை எப்படியோ தெரிந்து வைத்திருந்தார், அதையும் விடச் சொன்னார். கடைசியாகப் பழத்தைப் பற்றிச் சொன்னார்.

"சாறு புழிஞ்சு குடிக்காதேங்கோ. தோலையும் சீவாதேங்கோ. நல்லாக் கழுவிப்போட்டுத் தோலோட சாப்பிடுங்கோ. தோலிலதான் நார்ச்சத்துக் கூட. அது இருந்தா சீனி ரத்தத்தில கடகடவெண்டு ஏறாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸும் கிடைத்தது.

வீட்டில் இதைச் சொன்னதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் குதித்தார். அவர் நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு கரட், லீக்ஸ், கோவா என்று பாத்திக்குப் பாத்தி பூச்சிமருந்து அடிக்கும் வேலை. அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் தோலோடு எதுவும் அடுப்பேறியதில்லை. கத்தி அவர் கையில் இருந்தால் கரட்டில் பாதிதான் மிஞ்சும். தக்காளியைக்கூடச் சுடுதண்ணீரில் போட்டு உரிப்பார். மருந்தடிக்கிற வீடுகள் எல்லாவற்றிலும் இதே கூத்துத்தான். வாங்கித் தின்கிறவர்களுக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரியும்.

"தோலோட திங்கணுமாமா? அந்த டொக்டரம்மாவ ஒருநா தொட்டியக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. மருந்து பூராவும் எங்க நிக்கும்னு நெனச்ச? தோல்லதான் புள்ள நிக்கும்."

"என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா சொன்னேன்? போய் அவுங்ககிட்ட சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். ஆனால் அக்காவின் காலை ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் நின்று பார்த்தவர் அவர்தான். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன், அவர்தான் உள்ளே போவார். அதனால் அவரால் இதைச் சும்மா விட முடியவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் பேரிக்காய் மரத்தில் ஏறினார். அது யாரும் நட்டதாகத் தெரியாத மரம். அதற்கு யாரும் மருந்தடித்ததும் இல்லை.

ஒரு சட்டி நிறையக் காயோடு வந்து அடுப்படியில் குந்தினார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், திரும்பவும் கழுவினார். பிறகு வழக்கம்போலத் தோலைச் சீவினார். ஆனால் இந்த முறை தோலை எறியவில்லை. ஒரு கோப்பையில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"இது ஒனக்கு."

"சதை?"

"சதையில சீனி. அது ஒனக்கு எதுக்கு? மருந்து தோல்ல நிக்கிற மாதிரிதான், சத்தும் தோல்லதான் நிக்குது. அதத்தான் அந்தம்மா சொல்லிருக்கு."

"அப்ப உள்ள இருக்கறத யாரு திங்கிறது? மாட்டுக்கா போடப்போறீங்க?"

"ஏன், நா ஒரு மாடு இல்லையா?" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார்.

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தோலோடு என்றுதான் சொன்னார். வேறொரு காலமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கோப்பையை எடுத்து ஒவ்வொரு தோலாக மென்றேன். மரத்தூள் போல நறநறவென்று இருந்தது. தின்று முடித்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதுவே எங்கள் வீட்டு முறையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவர் வேலையிலிருந்து வந்து, குளித்து, குந்தி, சீவுவார். தோல் எனக்கு, சதை அவருக்கு. மரத்தில் காய் முடிந்ததும் டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் ஆப்பிள் வாங்கினார். அதை மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் அவர் தேய்க்கிற தேய்ப்பில் அந்த ஆப்பிளுக்கே ரோசம் வந்துவிடும்போல இருந்தது. வாழைக்காய் வந்தால் தோலை அவித்து, தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து இடித்து எனக்குச் சம்பல். அவருக்குக் காய்ப் பொரியல்.

பக்கத்துக் காம்பராப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, அண்ணே பழத்தத் தின்னுட்டு ஒனக்குத் தோலப் போடுறாரு? நல்லா வெவரந்தான்!"

"எனக்கு வைத்தியமாம்," என்றேன். அவளோடு சிரிக்கப் பார்த்தேன், வாய் மட்டும் கோணியது.

தோலோடு மட்டும் அவர் நிற்கவில்லை. சீவி முடித்ததும் என் காலைக் காட்டச் சொல்வார். டோர்ச் லைட்டை அடித்து விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம் பார்ப்பார். "எரியுதா? குத்துதா? தண்ணி தண்ணியாத் தவிக்குதா?" அக்காவுக்கு டொக்டர்மார் கேட்ட கேள்விகளை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"எரியல, குத்தல, தவிக்கல. விடுங்க, வேற வேல இல்ல ஒங்களுக்கு," என்று காலை இழுத்துக்கொள்வேன்.

அந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் குடத்திலிருந்து இரண்டு செம்புத் தண்ணீர் குடிப்பார். மருந்தடிக்கிறவருக்குத் தொண்டை வரளும் என்று நினைத்தேன். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். மலை ஏறி இறங்குகிற உடம்பு, இளைக்கத்தானே செய்யும். இரவில் வெளியே போக இரண்டு மூன்று தரம் எழும்புவார். குளிருக்கு எல்லாரும்தான் எழும்புகிறார்கள். எங்கள் வீட்டில் சீனி வருத்தம் வரக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவாகியிருந்தது. அதனால் எல்லா லைட்டும் என் காலில்தான் விழுந்தது.

மூன்று மாதம் முடிந்து இரத்தம் பார்க்கப் போன அன்று அவரும் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். வெறும் வயிற்றோடு முதல் பஸ். ஊசி குத்தினார்கள், காத்திருந்தோம், கூப்பிட்டார்கள். உள்ளே என்னை உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் நின்றார். டொக்டர் துண்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இறங்கியிருக்கு அம்மா! நல்லா இறங்கியிருக்கு. என்ன செய்தனீங்கள்?"

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சரி என்று மட்டும் இருந்தது. சந்தோஷப்பட்டது என் வீட்டுக்காரர்தான். முன்னால் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஒரு நாளும் தவறலைங்க. தோலு பூராவும் இதுக்குத்தாங்க. சதைய நா தின்னுருவேன். ஒரு துண்டு இது வாயில படவிட மாட்டேன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "ஐயோ ஐயா! தோலோட எண்டா முழுப் பழத்தையும் எண்டுதானே அர்த்தம். தோலை மட்டும் தின்னச் சொல்லி ஆர் சொன்னது?" சிரித்துவிட்டார். "சரி, குறைஞ்சது நல்லம். தோலால மட்டும் எண்டு சொல்லேலாது. நடந்திருப்பா, தேத்தண்ணிக்குச் சீனியை நிப்பாட்டியிருப்பா. எல்லாம் சேர்ந்துதான்."

பக்கத்தில் நின்ற மிஸ்ஸியும் சிரித்தார். அவர் சிங்களப் பெண், நல்ல தமிழ் பேசும் தாதி. சிரித்துக்கொண்டே கீழே பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஐயா, காலில ரத்தம்."

நானும் குனிந்து பார்த்தேன். அவர் நின்ற இடத்தில் சீமெந்துத் தரையில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வழியிலும் அங்கங்கே பட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். "எனக்கா?" என்று கேட்டார். யாரோ அடுத்த ஆளின் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவரைக் கதிரையில் உட்கார வைத்து மிஸ்ஸி செருப்பைக் கழற்றப் போனார். செருப்பு வரவில்லை. அடியிலிருந்து ஓர் ஆணி ஏறி, செருப்பையும் குதிகாலையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

மிஸ்ஸி இழுத்து எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

டொக்டர் பிறகு சிரிக்கவில்லை. "ஐயா, நீங்கள் சீனி பாத்தனீங்களோ?"

"எனக்கு எதுக்குங்க? எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இதுக்குத்தாங்க."

விரலில் குத்திப் பார்த்தார்கள். அந்தச் சின்ன மெஷினில் வந்த இலக்கத்தை டொக்டர் மிஸ்ஸிக்குக் காட்டினார். மிஸ்ஸி எங்களைப் பார்க்காமல் போய் மருந்துத் தட்டை எடுத்து வந்தார்.

"இது இண்டைக்கு நேற்று வந்ததில்ல," என்றார் டொக்டர். "கன வருசமா இருந்திருக்கு. ஒருத்தரும் பாக்கேல்ல."

"சதையத் தின்னதுனாலயாங்க?"

"இல்ல ஐயா. பழம் ஒண்டும் செய்யேல்ல. அதுக்கு முன்னமே இருந்தது. கால் எப்ப இருந்து மரத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். "மருந்தடிக்கையில நாளெல்லாம் ரப்பர் பூட்ஸ்தானே போடுறேன். அதுலதான் இப்படி ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "வாயத் தொறந்து சொன்னா என்னங்க? தெனமும் என் கால நோண்டிக்கிட்டு கெடந்தீங்களே, ஒங்க கால ஒருநாளாவது குனிஞ்சு பாத்தீங்களா? ஆமா, பெரிய டொக்டரு!" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காயத்தைக் கட்டுவதற்கு முன்னால் காலில் எவ்வளவு உணர்ச்சி மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அதைப் பொறுத்துத்தான் இங்கே வைத்துப் பார்ப்பதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவு. அனுப்புவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிஸ்ஸி தூண்டில் நரம்பு போல விறைப்பான ஒரு நூலை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, கண்ணை மூடுங்க. இது காலில பட்டா 'ஆமா' சொல்லுங்க. படலன்னா சும்மா இருங்க."

அவர் கண்ணை இறுக்கி மூடினார். மிஸ்ஸி பெருவிரலில் நூலை அழுத்தினார். நூல் வளைந்தது. அவர் சும்மா இருந்தார். மிஸ்ஸி கையை எடுத்தார்.

"ஆமா," என்றார் அவர்.

மிஸ்ஸி குதிகால் பக்கம் போனார். நூல் வளைந்தது, நிமிர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு மிஸ்ஸி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஆமா. ஆமாங்க. இப்பவும் படுது."

எல்லாம் முடியும் வரை அப்படித்தான். தொட்டபோது பேசாமல் இருந்தார், தொடாதபோது ஆமா என்றார். மற்றக் காலிலும் அதே கதைதான். மிஸ்ஸி நூலை மூடிக்குள் வைத்து, "போதும் ஐயா," என்றார்.

அவர் கண்ணைத் திறந்தார். டொக்டரைப் பார்க்கவில்லை, நேரே என்னைத்தான் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் சரியாச் சொன்னேனா புள்ள?"

"இல்லைங்க," என்றேன். "ஒண்ணுகூட சரியில்ல."

"போ புள்ள, வெளையாடாத," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது, முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. நான் அழுவதைப் பார்த்த பிறகுதான் அவர் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.