அடிக்காத கையின் தடம்

அரைப்பாவாடையின் இறப்பர் நாடா இடுப்பில் பதிந்த இடத்தில் முதலில் ஒரு சூடு எழும்பும். பிறகு அரிப்பு. சொறிந்தால் நகம் போன வழியெல்லாம் சிவந்து தடித்து, பிரம்பால் விளாசியதுபோல் வரிவரியாக நிற்கும். அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். அதன்பின் தோல் ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி ஆகிவிடும். எட்டு வயதில் எனக்குத் தொடங்கிய அந்தத் தடிப்புக்கு எங்கள் அன்புவழிபுரத்து ஒழுங்கையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "கிரந்தி உடம்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" என்றார்கள் சிலர். "பூச்சி ஏதும் ஊர்ந்திருக்கும்" என்றார்கள் வேறு சிலர். இன்னொரு காரணமும் இருந்தது. அதை மட்டும் எங்கள் முகத்துக்கு முன்னால் ஒருவரும் சொல்லவில்லை. சின்னம்மா என்னை அடிக்கிறார் என்பதே அது.

அம்மா காய்ச்சலில் இறந்துபோன பிறகு அப்பா சம்பூரிலிருந்து மணமுடித்துக் கூட்டிவந்தவர் சின்னம்மா. அதிகம் கதைக்கமாட்டார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் அப்பா விடியவே வேலைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும் நேரத்தில் அவருக்குக் காட்ட என் உடம்பில் ஒன்றும் மிச்சம் இராது. ஆகவே பகல் முழுதும் என் தோலோடு மல்லுக்கட்டியவர் சின்னம்மாதான். கிரந்தி என்று யாரோ சொன்னதைக் கேட்டு இறாலையும் கணவாயையும் கத்தரிக்காயையும் குசினிக்குள் எடுக்காமல் விட்டார். பிள்ளைக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று தானும் அவற்றைத் தின்னவில்லை. துவாயால் துடைத்த இடமெல்லாம் தடிக்கிறதென்று கண்டபின், பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, அந்தத் துண்டால் என் உடம்பை மெல்ல ஒற்றியெடுப்பார்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள், புத்தகப்பையின் பட்டி அழுத்திய தோளையும் நான் சொறிந்த கழுத்தையும் பார்த்துவிட்டு, "ஆர் அடிச்சது? பயப்பிடாமல் சொல்லு" என்று ரீச்சர் கேட்டார். ஒருத்தரும் அடிக்கவில்லை என்றேன். நான் மறுக்க மறுக்க அவர் கண்ணில் இரக்கம் கூடிக்கொண்டு போனது. அந்தக் கதை ஒழுங்கைக்கு வந்து, ஒழுங்கையிலிருந்து லிங்கநகரில் இருந்த மாமாவிடம், அதாவது என் அம்மாவின் தமையனிடம், போய்ச் சேர்ந்தது.

மாமா வந்த நாளை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், லொறியொன்று பின்னுக்கு வருவதைக் கவனியாமல் நான் தெருவில் இறங்கப்போக, சின்னம்மா என் கையை எட்டிப் பிடித்து இழுத்தார். வீட்டுப் படலையடியில் மாமா நின்றார். அதற்குள் என் முழங்கைக்கு மேலே நாலு விரல்களும் நாலு தடிப்பாக எழும்பிவிட்டிருந்தன.

"இது என்ன?" என்றார் மாமா.

"லொறி வந்தது அண்ணை. பிடிச்சு இழுத்தனான்" என்றார் சின்னம்மா.

"பிடிச்சால் இப்பிடி வருமோ?"

"இவளுக்கு வரும்."

"சின்னம்மா அடிக்கேல்லை மாமா" என்று நான் சொன்னேன். மாமா என் தலையைத் தடவினார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு அன்ரி, "தாயில்லாப் பிள்ளை, பயத்தில சொல்லுது" என்றார். அன்று பின்னேரம் அப்பா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சின்னம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்ச நாளைக்கு மாமா வீட்டில நில்லு" என்று என்னிடம் சொன்னார். சின்னம்மா என் அரைப்பாவாடைகளில் இருந்த இறப்பர் நாடாவையெல்லாம் உருவி, தளர்வாக நூல்நாடா கோத்து, மடித்துத் தந்தார்.

லிங்கநகரில் என்னை ஒருவரும் அடிக்கவில்லை. தடிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. வாளி தூக்கினால் உள்ளங்கையில் வந்தது; தலைபின்னும்போது மாமியின் கை அழுத்திய தோளில் வந்தது. "நாளைக்கு நானும் அடிக்கிறனெண்டு ஊர் சொல்லும்" என்று மாமி பயந்து, மாமாவை வற்புறுத்தி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டொக்டர் அம்மா பேனையின் மொட்டைப் பக்கத்தால் என் முதுகில் ஒரு கோடு இழுத்தார். சற்றுப் பொறுத்து, அந்தக் கோடு தடித்து எழும்பியதும் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது அடி இல்லை. தோலை உரசினால், அமத்தினால், உள்ளுக்கு இருக்கிற ஹிஸ்டமின் எண்ட சாமான் வெளியில வந்து இப்பிடித் தடிக்கும். இவவுக்குச் சின்ன உரசலே காணும். சில பேருக்குக் குளிர்தண்ணி பட்டால் வரும், சில பேருக்கு வெயில் பட்டால், சில பேருக்கு வேர்த்தால். ஏன் இவவுக்கு மட்டும் எண்டு கேட்டால், அநேகமா அதுக்குக் காரணம் சொல்ல ஏலாது."

"சாப்பாட்டாலையோ?" என்று மாமா கேட்டார். இல்லை என்றார் டொக்டர்.

மறுநாளே மாமா அன்புவழிபுரம் போனார். சின்னம்மா அங்கே இல்லை. சம்பூரில் தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். போய்க் கூட்டிவரும்படி மாமா மன்றாட, "ஊரெல்லாம் கதைச்சாப்பிறகு எந்த முகத்தோட போய்க் கூப்பிடுறது?" என்று அப்பா நாளைக் கடத்தினார். அவர் கடத்திய நாட்களுக்குள் சண்டை வந்து, சம்பூர் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. சின்னம்மா எந்த முகாமில் இருக்கிறார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அப்பா அவரைக் காணாமலே செத்துப்போனார்.

சனம் ஊருக்குத் திரும்பிச் சில வருடங்களின் பின், விசாரித்து விசாரித்து நான் அங்கே போனேன். இடிந்த சுவரோடு சாய்த்துப் போட்ட கொட்டிலுக்கு வெளியே சின்னம்மா இருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துக் கதிரை எடுத்துப் போட்டார். டொக்டர் சொன்னதை முழுவதும் சொன்னேன்.

"நான் அடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே பிள்ளை. ஆனால் எல்லாரும் சொல்லச் சொல்ல, என்ரை கைதான் பாரமான கையோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. பிறகு அண்ணன்ரை பிள்ளையளையும் நான் தூக்கிறேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை மெல்ல விடுவித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இப்போது எனக்குத் தடிப்பு வருவதில்லை, எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது என்றேன். "ஓம், ஓம்" என்றார். கை மடியிலேயே இருந்தது.

போன மாரியில் சின்னம்மா இறந்தார். நான் இன்றும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அன்ரி பிள்ளைகளோடு வெளிநாடு போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். ரீச்சர் மாற்றலாகிப் போன ஊர் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவும் இல்லை. வேலிகள் மதில்களாகி, மதில்களுக்குள் எனக்குப் பெயர் தெரியாத சனம் குடியிருக்கிறது. சின்னம்மா ஒருநாளும் என்னை அடித்ததில்லை என்று வாசல் வாசலாகப் போய்ச் சொல்ல எனக்கு இப்போது வயதும் துணிவும் உண்டு. கேட்கவேண்டியவர்கள்தான் ஒருவரும் இல்லை.