தம்பியின் தோளில் மண்குடம்

காலையில் முதல் வேலையாக அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப்பைத் திறந்தேன்.

ஜப்பானில் வேலை செய்யும் தம்பி, லீவு நாளில் மண்பாண்டங்களுக்குப் பேர்போன ஓர் ஊருக்குப் போயிருக்கிறான். சூளைகள், கிண்ணங்கள் என்று படங்கள். கடைசிப் படத்தில் பெரிய மண்குடமொன்றைத் தோளில் வைத்துச் சிரிக்கிறான்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை அப்படிக் குடம் தூக்குவது செத்தவீட்டில்தான். அவன் ஒரே மகன். அப்பாவுக்கு அடுத்த கிழமை இதய ஒப்பரேசன். அது அவனுக்குத் தெரியாது.

“உந்தப் படத்தை அழிக்கச் சொல்லடி!” என்றார் அம்மா.

“ஏன் எண்டு கேட்டால்?”

“ஒண்டும் சொல்லாதை. பிள்ளை அங்கை தனிய இருந்து யோசிப்பான்.”

கனடாச் சித்தி அதற்குள் கைதட்டல் போட்டிருந்தார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். “பெடியன் இப்பவே பழகிப் பாக்கிறான் போலை,” என்று சிரித்தார். அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

நான் ‘வடிவாயிருக்கு’ என்று பதில் போட்டேன்.

அவன் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பட்டும். மாலையில் அழைத்து, எல்லாவற்றையும் சொல்லி, உடனே வரச் சொல்லப்போகிறேன். வீட்டில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை. அவர்களும் தம்பியும் முகநூலில் இல்லை; அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

சித்தி, நீங்கள் இருக்கிறீங்கள். தயவுசெய்து வாய் திறக்காதையுங்கோ.