நல்லுசாமி என்று தேடினால்

திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் ராசாத்தி நூலகர். வெகுகாலம் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவளை இணையத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். மாவட்டத்தைப் பற்றி வரும் செய்திப் பக்கங்களை நகலெடுத்து, எந்த ஊர், என்ன விஷயம், யார் சம்பந்தப்பட்டது என்று குறித்து, தேடுகிறவர் கண்ணில் படும்படி அடுக்கிவைப்பதுதான் வேலை. சின்னச் சின்ன செய்தித் தளங்களைத் திடீரென்று இழுத்து மூடிவிடுவார்கள். பக்கம் போனாலும் கல்லூரிக் காப்பகத்தில் நகல் இருக்கும்.

மாசியில் அவள் கணவர் நல்லுசாமி இறந்துபோனார். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை சூப்பர்வைசர். வேலை முடிந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு பைக்கில் வந்தவர்மேல் டோல்கேட் பக்கத்தில் லாரி ஏறிவிட்டது.

காரியம் முடிந்ததும் ராசாத்தி வேலைக்குப் போய்விட்டாள். அழவில்லை. சொந்தக்காரர்கள் முதலில் அதைத் தைரியம் என்றார்கள், பிறகு வேறு மாதிரி பேசினார்கள். எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்று மகள் சொன்னால்தான் தெரியும். பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு நாள், மகள் கனிஷ்கா பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“அம்மா, அப்பா குடிச்சிருந்தாரா?”

“யாரு சொன்னா?”

“நெட்ல இருக்கும்மா. கிளாஸ்ல போன்ல காட்டுறாங்க.”

“இல்ல. அவர் குடிக்கமாட்டார்” என்று சொல்லிவிட்டு ராசாத்தி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் கல்லூரியில் கணவர் பெயரைத் தேடினாள். ‘குடிபோதையில் பைக் ஓட்டியவர் லாரி மோதி பலி.’ உண்மையில் குடித்திருந்தவன் லாரி டிரைவர். எழுதியவர் ஆளை மாற்றிவிட்டார், மற்ற தளங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டன. காப்பகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. ‘குடிபோதை விபத்து’ என்ற தலைப்பின் கீழ், நல்லுசாமி என்ற பெயரோடு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. அவள் விடுப்பில் இருந்த வாரம் சேர்த்தது.

அடுத்த மேசையில் இருந்த உதவியாளர் பிரவீன்ராஜ் எட்டிப் பார்த்தான்.

“நான்தான் மேடம் போட்டேன். செய்தியில இருந்தத அப்படியே போட்டுட்டேன். நம்ம சார்னு தோணவே இல்ல.”

“அப்படித்தான போட முடியும்?”

“தூக்கிடறேன் மேடம். யாரும் கேக்கப்போறதில்ல.”

ராசாத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் பைக் ஒருக்களித்துக் கிடந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“வேணாம். நாம தூக்கினா வெளியில இருக்கறது போயிடுமா? இது பொய்னு சொல்ல ஒரு இடமாவது இருக்கட்டும்.”

அன்றிலிருந்து, மற்ற பக்கங்களைப் பார்ப்பதுபோலவே இதையும் பார்த்தாள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் மது இல்லை என்றிருந்தது. அதைத் தளங்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஒரு தளம் செய்தியை நீக்கியது. ஒரு தளத்துக்கு முகவரியே இல்லை. மற்றவை வாயே திறக்கவில்லை. டிரைவர்மேல் போலீஸ் வழக்குப் போட்டதைச் சரியாக எழுதியிருந்த ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்துக் காப்பகத்தில் சேர்த்தாள். பழைய பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படும்படி, ‘இந்தச் செய்தி தவறு, இறந்தவர் மது அருந்தவில்லை’ என்று எழுதி, சரியான பக்கத்தை அதனுடன் இணைத்தாள். பிரவீன்ராஜ் போட்ட தலைப்பை மாற்றினாள். அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கியது.

வீட்டில் சொன்னபோது கனிஷ்கா வெடித்தாள். “அழிக்கறதுக்கு உன் கையில இருந்திச்சில்ல? ஏம்மா அழிக்கல? அது உனக்கு வெறும் வேலை, இல்ல?”

அதன்பின் சில நாள், கனிஷ்கா சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

ஆடி பிறந்ததும் ஒரு மாலை, கனிஷ்கா போனோடு சமையலறைக்கு வந்தாள்.

“அப்பா பேரைப் போட்டா உங்க காலேஜ் பக்கம் மூணாவதா வருதும்மா.”

“முதல்ல?”

“அதே பொய்தான்.”

“ம்.”

“கிளாஸ்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. நான் இதை எடுத்துக் காட்டினேன். ஆரம்பிச்ச பொண்ணு முழுசாப் படிச்சிட்டு சாரின்னு சொல்லிச்சு.” கனிஷ்காவின் உதடு கோணிக்கொண்டு வந்தது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். ராசாத்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“உனக்கு அழுகையே வரலையாம்மா?”

“வரலடி. வரும்போது வரட்டும்.”

மகளின் கண்ணீர் பட்டு ரவிக்கைத் தோள் நனைந்திருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு கையால் அடுப்பை அணைத்தாள்.