பத்திரிகையின் மேல் வரி

கீழ்க்கட்டளை சம்பத் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர்கள்தான் அவரை ஓயவிடவில்லை. யாருக்கு யார் மாமன், யார் பங்காளி, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று கேட்டு, பல் விளக்கும் முன்பே போன் வந்துவிடும். நிலமெல்லாம் மனையாகி விற்றுப்போய், மேடவாக்கம், சேலையூர், வண்டலூர் என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிய குடும்பம். அதைக் கோத்து வைத்திருந்தது சம்பத் வீட்டுப் பரண்மேல் கிடந்த ஒரு பை. அத்தனையும் பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள். பெரியப்பா, தாய்மாமன், சம்பந்தி என்று ஒருவரையும் விடாமல் அச்சடிக்கிற வழக்கம் நம்முடையது. வம்சம் தேடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவற்றில் மிகப் பழையது அத்தை சாவித்ரியின் கல்யாணப் பத்திரிகை. குலதெய்வத்தின் பெயர் வருகிற மேல் வரியில் 'ஸ்ரீ ஏரிக்கரை எல்லம்மன் துணை' என்றிருந்தது. அதை வைத்துத்தான், குன்றத்தூருக்கு அப்பால் இருந்த கோயிலை வாலிப வயதிலேயே தேடிக் கண்டுபிடித்தார். அதிலிருந்து தைமாதம் தவறாமல் பங்காளிகள் அங்கே பொங்கல் வைத்தார்கள். முதல் பானை சம்பத்துடையது. மகள் தீபாவுக்கு மொட்டை போட்டதும் அங்கேதான்.

அந்த தீபா இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற வெற்றிவேலைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எல்லாருக்கும் சம்மதம். பேச வந்த அன்று, சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்ததும் வெற்றிவேலின் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார். அவர்களுக்கும் அதே எல்லம்மன். அவர்கள் ஆடியில் போகிறவர்கள், இவர்கள் தையில். அதனால் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டதில்லை. ஒரே குலதெய்வம் என்றால் ஒரே வம்சம். பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆகிவிடுகிறார்கள்.

இதைச் சம்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்காளி வீட்டு நாகலக்ஷ்மியின் மகளுக்கு வந்த நல்ல இடத்தை இதே காரணம் சொல்லி நிறுத்தியவரே அவர்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

தீபா சண்டை போடவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், அப்பாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சம்பத்துக்கு வீட்டில் இருக்கவே சலிப்பாக இருந்தது. எங்கேயாவது கிளை பிரிந்திருக்காதா என்று பையைக் கொட்டிப் பார்த்து அலுத்துப்போய், முட்டிவலியோடு பஸ் ஏறி மேற்குத் தாம்பரத்தில் இருந்த சாவித்ரி அத்தையிடம் போனார். எண்பதைத் தாண்டியும் அத்தைக்கு வாய் குறையவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் யார் எல்லம்மனைக் கும்பிட்டார்கள் என்று கேட்டார்.

“யாரும் கும்புடல. அது பிரஸ்காரன் போட்டதுடா. வேற யாரு வூட்டுப் பத்திரிகைக்கோ கோத்த ஈய எழுத்து, மேல் வரில அப்டியே கெடந்துச்சு. உங்க நைனா பாத்துட்டு, எந்த அம்மனா இருந்தா இன்னா, தொணைதானே கேக்குறோம்னு வுட்டுட்டாரு.”

அப்படியானால் நம் தெய்வம் எது என்றார். அது அவளுக்கும் தெரியவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடவே தனக்குப் பொழுது சரியாக இருந்தது என்றாள்.

மகள் பிழைத்தாள் என்று சந்தோஷம்தான். ஆனால் அதைப் பங்காளிகளிடம் சொல்லியாக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பெண்ணுக்காகக் கதை கட்டுகிறார் என்று முணுமுணுத்தார்கள். அத்தைக்கே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வாய் அடங்கியது. நாகலக்ஷ்மி மட்டும் எழுந்து நின்றாள்.

“எம் பொண்ணு விஷயத்துல ஏன் மாமா அத்தைகிட்ட போய்க் கேக்கல?”

அவள் பெண்ணுக்காக அவர் பஸ் ஏறவில்லை, அவ்வளவுதான். நாகலக்ஷ்மி காபியைத் தொடாமல் போய்விட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆடி பிறந்ததும் வெற்றிவேல் வீட்டார் புது மருமகளை எல்லம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். சம்பத்துக்கும் அழைப்பு. பங்காளிகள் இனி எங்கே பொங்கல் வைப்பதென்று தெரியாமல் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கோயிலுக்குள் நுழைந்ததும் கைப்பழக்கத்தில் மூன்று செங்கல்லை எடுத்து வழக்கமான இடத்தில் அடுப்புக் கூட்டக் குனிந்தார். வெற்றிவேலின் அப்பா ஓடி வந்து மரியாதையாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி, நீங்க போய் உக்காருங்க. இத எங்க பங்காளிங்கதான் செய்யணும்.”

சம்பத் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தீபா முதல் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். அவள் மொட்டைத் தலையோடு வீறிட்டு அழுத இடம் அது. எல்லம்மன் இப்போது நிஜமாகவே அவளுடையவள் ஆகிவிட்டாள். கும்பிட எழுந்த கையை, நமக்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியாமல், சம்பத் மடியிலேயே வைத்துக்கொண்டார்.