நானே திரைய வைத்த பால்

பால் திரைந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவரும் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட மாட்டோம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், லண்டன் நோர்பரியில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அப்படித்தான். என் கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. காலைத் தேநீருக்கு வைத்த பால் திரைந்துவிட்டால், கதிரையில் ஐந்து நிமிடம் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சப்பாத்தைக் காலில் மாட்டுவார். நான் அவரைப் பகிடி பண்ணுவேன். இது சகுனம் இல்லை, திகதி முடிந்த பால் என்பேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறையலாம் போல இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் மூலம் நாட்டை விட்டுப் புறப்பட்டான். லண்டனுக்கு என்று வெளிக்கிட்டவன் ஏதென்ஸில் மாட்டுப்பட்டான். ஏழு மாதம் அங்கே ஓர் இனிப்புக்கடையின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவினான். எனக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு அவன். அவன் வந்து சேர வேண்டும், அதைத் தவிர அந்த ஏழு மாதமும் எனக்கு வேறு நேர்த்தி இல்லை.

கடிதங்களில் பயத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டான். எல்லாம் சாப்பாட்டுக் கதைதான். கடைசியாக வந்த கடிதத்தில் இப்படி இருந்தது:

“அக்கா, இங்க பெருநாளுக்கு ஒரு சீஸ் பலகாரம் செய்யினம். சீஸ் எண்டவுடன முகத்தைச் சுளிக்காதையுங்கோ. உப்பில்லாத பச்சைச் சீஸ். அதுக்குத் தேனும் முட்டையும் போட்டு அடிச்சு, மாவை மெல்லிசா உருட்டித் தட்டில விரிச்சு, அதுக்குள்ள ஊத்தி வேகவைக்கிறது. மேல கறுவாத்தூள். நீங்கள் சைவம் எண்டு முட்டையை விட்டிடாதையுங்கோ, பிறகு களியாப் போகும். அங்க அந்தச் சீஸ் கிடைக்காட்டி, பாலைக் காய்ச்சித் தேசிக்காய்ப்புளி விட்டுத் திரைய வைச்சு வடிச்சு எடுக்கலாமாம். நான் வந்து இறங்கிற அண்டைக்கு எனக்கு இதுதான் வேணும். சோறு கறியை அடுத்த நாள் பாப்பம்.”

அளவுகளை, ஊரில் அரிசி அளக்கும் சுண்டுப் பேணிக் கணக்கில் எழுதியிருந்தான். ஒன்றரைச் சுண்டு சீஸ், அரைச் சுண்டு தேன். கிரேக்கர் வீட்டுப் பலகாரத்தைப் பால்பேணியால் அளந்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஒரு வியாழக்கிழமை தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து எடுத்தான். காசு விழுந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. “சனிக்கிழமை போட்டில ஏத்துறாங்கள் அக்கா. இத்தாலியில இறங்கினவுடன எடுப்பன். பலகாரம் பழகிட்டீங்களோ?”

“நீ வந்து சேர், பிறகு பாப்பம்” என்றேன். அதுதான் நான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு. இன்னும் இரண்டு சொல்லு நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே முதல் தடவை செய்து பார்த்தேன். பாலைத் திரைய வைக்க எனக்கும் உள்ளூர மனம் ஒப்பவில்லை. பகிடி பண்ணுகிறவளுக்கும் பயம் இருக்கும்தானே. சைப்பிரஸ்காரரின் கடைக்குப் போய், உப்புத் தண்ணீரில் கிடக்கும் வெள்ளைச் சீஸை வாங்கிவந்து, மூன்று தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தேன். மாவு விஷயத்தில் அதைவிடப் பெரிய மடைத்தனம் செய்தேன். எங்கள் வீட்டில் கோதுமை மாவை வாங்கியவுடன் அவித்து அரித்துப் பேணியில் போட்டுவிடுவோம், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் வேண்டும். பழக்கத்தில் அந்தப் பேணிக்குள்ளேயே கையை விட்டுவிட்டேன். அவித்த மா வெண்ணெயோடு ஒட்டுமா? ஓவனிலிருந்து எடுத்தபோது அடித்தட்டு மண்ணாக உதிர்ந்தது, மேலே கருவாட்டு உப்பு. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “தம்பி இத்தாலியோடயே நிண்டிடுவான்” என்றார். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சனிக்கிழமை காலை அவிக்காத பச்சை மா வாங்கிவந்தேன். இரண்டு போத்தல் பாலைப் பெரிய சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுத் தேசிக்காயை வெட்டினேன். என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சரும், இண்டைக்கு வேண்டாம். அவன் தண்ணியில போற நாள். வேணுமெண்டு பாலைத் திரைய வைக்காதையும்.”

“அவன் போற நாட்டுச் சனமும், இருந்த நாட்டுச் சனமும் நாள் முழுக்கப் பாலைத் திரைய வைச்சுத்தான் சீவிக்குதுகள். அங்க ஒருத்தரும் கப்பலில போறேல்லையோ?”

“அது அவையின்ர பால். இது எங்கட வீடு.”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போனார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபம். அந்தக் கோபத்திலேயே தேசிக்காயைப் பிழிந்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பால் கட்டிகட்டியாக விலகி, அடியில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. அதைத் துணியில் வடித்து முறுக்கிப் பிழிந்து, தேனும் முட்டையும் போட்டு அடித்து, அவன் எழுதினபடியே எல்லாம் செய்தேன்.

நல்லாக வரவில்லை என்றால்கூட இன்றைக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அது அருமையாக வந்தது. மேலே பொன்னிறமாகப் பொங்கி, கறுவா வாசம் வீடெல்லாம் நிறைந்தது. பின்னேரம் சூட்டோடு ஒரு துண்டு வெட்டித் தின்றேன். ருசி பிடித்துப்போய் இன்னொரு துண்டும் தின்றேன். வேலையால் வந்த கணவர் தொடவில்லை. அந்த நேரம் தம்பி எங்கே நின்றான், கரையிலா, போட்டிலா, தண்ணீருக்குள்ளா என்று எனக்குத் தெரியாது. நான் விரலில் ஒட்டியிருந்த தேனை நக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு போனது, திங்கள் போனது. தொலைபேசி அடித்தபோதெல்லாம் வேறு யாரோ. மிச்சப் பலகாரம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. எறிந்தால் அவனை எறிவது போல. மூன்றாம் கிழமை அதில் பச்சைப் பூஞ்சணம் பூத்தது, அப்போதும் நான் எறியவில்லை. என் கணவர்தான் ஒருநாள் நான் குளிக்கும்போது எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டார்.

ஏஜென்சிக்காரருடைய ஆள் ஒருவர் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் போனோம். அவர் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “போட் வெளிக்கிட்டது அக்கா. அது தெரியும். சேர்ந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“தண்ணிக்குள்ள தாண்டதெண்டு ஆரும் சொன்னவையோ?”

“அதும் சொல்லேல்லை.”

திரும்பிவரும் ரயிலில் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இந்த நாள்வரைக்கும் சொல்லவில்லை. ஒருமுறை நானே கேட்டேன், சொல்லுங்கோ, சொல்லித் துலையுங்கோ என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனார். பால் திரைந்து போட் தாழாது என்று எனக்குத் தெரியும். படித்தவள் நான். ஆனால் அறிவு ஒரு பக்கம் கிடக்க, தேசிக்காய் பிழிந்த அந்தக் கை என்னுடையதுதானே.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்கு வந்து, முன்கூட்டியே நாள் சொல்லி அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். அதுவரை அவருக்குக் கடிதத்தில் தம்பிக்கு நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. இம்முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு நாளாக வசனம் கட்டி வைத்திருந்தேன்.

“தம்பி ஏன் பிள்ளை எனக்கு ஒரு கடிதம் போடுறானில்லை?”

“அவனுக்கு இன்னும் விசா இல்லை அம்மா. கடிதம் போட்டாப் பிடிச்சிடுவாங்கள் எண்டு பயம். கிரேக்கத்திலதான் நிக்கிறான்.”

“வடிவாச் சாப்பிடுறானோ?”

“ஓம் அம்மா. இனிப்புக்கடையில எல்லோ வேலை.”

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். சந்தோசப் பெருமூச்சு. “அப்ப நான் அவனுக்குப் பொம்பிளை பாக்கட்டோ எண்டு கேட்டுச் சொல்லு. சாத்திரியார் சாதகம் பாத்தவர். ஆயுள் கெட்டியாம்.”

“கேட்டுச் சொல்றன் அம்மா” என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகு அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய முடியுமா, ஒரு விளக்கு வைத்து அழ முடியுமா? செய்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். நான் அவனை அம்மாவுக்காக உயிரோடு வைத்துக்கொண்டேன். எனக்கு அவனைச் சாகக் கொடுக்கக்கூட வழியில்லாமல் போனது.

அம்மா சும்மா இருக்கவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு படமும் சாதகக் குறிப்பும் வரும். தலை நிறையப் பூ வைத்து, படக்காரன் சொன்னபடி சிரிக்கும் பெண்பிள்ளைகள். நான் குசினி மேசையில் இருந்து ஒவ்வொருத்தியிலும் ஒரு குறை தேடுவேன். இவள் உயரம் காணாது, இவளுக்குப் படிப்புக் காணாது, இந்தக் குடும்பம் சரிவராது என்று தம்பி சொல்கிறான் என்று பதில் எழுதுவேன். அம்மா கண்மூடும்வரை என் தம்பி ஒன்பது பெண்களை வேண்டாம் என்றுவிட்டான்.