தங்கராஜ் சார் வீட்டு யுபிஎஸ்

கம்ப்யூட்டர் கடைக்காரன் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். யுபிஎஸ் என்று வாயைத் திறந்தால் மட்டும் வந்தவர் நம்மைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கரண்டு போனாலும் கால்மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி, அவ்வளவுதான் ஐயா. நேரம் குறித்து மின்வெட்டு செய்த அந்த வருடங்களில் தக்கலையில் கடை வைத்து, இதைச் சொல்லியே தொண்டை வறண்டவன் நான். கடை வைத்திருக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

பெல் அடித்தால்

தங்கராஜ் சார் ரிட்டயர்டு தலைமையாசிரியர். குடும்ப வரலாற்றைப் புத்தகமாக எழுதத்தான் கம்ப்யூட்டரே வாங்கினார். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் குடும்ப சங்கமம். வளைகுடாவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்குப் புத்தகம் கையில் இருக்கும் என்று எல்லாரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

யுபிஎஸ் பேச்சை எடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மின்வெட்டு நேரமெல்லாம் சிவப்பு மையில், டைம்டேபிள் மாதிரி. "பத்து மணிக்கு கரண்டு போவும். நான் ஒம்பது அம்பதுக்கே எந்திரிச்சிருவேன். பெல்லடிச்சா கிளாஸ் முடிஞ்சு. பொறவு யுபிஎஸ் என்னத்துக்கு மக்கா?"

ரப்பர் மரத்துக்கு டைம்டேபிள் தெரியாது

ஐப்பசி மழையில் ஒரு ரப்பர் மரம் சாய்ந்து மின்கம்பியில் விழுந்தது. அப்போது மணி ஒன்பது இருபது. சார் விடியற்காலையிலிருந்து அடித்த பதினோரு பக்கம் போயே போச்சு. கரண்டு வந்ததும் நான் போய் எல்லா ஃபோல்டரையும் துழாவினேன். ஒரு எழுத்து இல்லை.

"கடைசியா எப்போ சேவ் பண்ணினீங்க சார்?" என்றேன். கேட்டது தப்பாம். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "பரீட்சைப் பேப்பரைப் பாதியிலயா லே குடுப்பாங்க? எளுதி முடிச்சிட்டுத்தானே குடுக்கணும்!"

இரண்டாம் தடவை

அன்றைக்கே யுபிஎஸ் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துக் காலை பத்து மணிக்கு போன். "ஓடுது மக்கா, ஓடுது! ஊரெல்லாம் கரண்டு இல்ல, எனக்கு ஓடுது!" எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

பத்தே நிமிடத்தில் மறுபடி போன். ஓடிப்போய்ப் பார்த்தால் யுபிஎஸ்ஸின் பின்பக்கம் மிக்சி செருகியிருக்கிறது. சாரின் மனைவி ரோசம்மா அக்காவின் வேலை. மீன்காரி அன்றைக்கு வந்ததே பிந்தி. மீன்கறிக்குத் தேங்காய் பாதி அரைக்கையில் கரண்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் ஓடுகிற பெட்டியில் மிக்சி ஓடாதா என்று செருகியிருக்கிறாள். ஒரே ஒரு சுற்று. பெட்டி 'கீ' என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. சார் மறுபடி அடித்த அதே பதினோரு பக்கமும் காலி.

"இப்பவும் சேவ் பண்ணலியா சார்?" என்று நான் தலையிலடித்துக்கொண்டேன். யுபிஎஸ் வாங்கின பிறகு எதற்குச் சேவ் என்று விட்டுவிட்டாராம். இவரைத் திட்டுவதா, அக்காவைத் திட்டுவதா என்று முழித்துக்கொண்டு நின்றேன். அக்கா முந்திக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பெரிய பெட்டியா குடுத்திருக்கலாம்லா நீ?"

மூன்றாம் தடவை

அதற்குப் பிறகு சார் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. சங்கமத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இடிமழையில் மோடம் கெட்டுப்போய்ச் சரிபண்ணப் போனேன். நாற்காலியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். "வாக்குக் குடுத்திட்டேனே, எந்த முகத்தோட போய் நிப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகப் போய்விட்டது.

சார் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துத்தான் அடிப்பார். அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே அக்கா 'உம்' கொட்டுவாள். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க வாசிச்சு ரெண்டு மட்டம் கேட்டாச்சு. நான் சொல்லுதேன், நீங்க அடிங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பத்திக்கு ஒரு தடவை சேவ் என்று நான் சாரின் விரலைப் பிடித்து அழுத்தினேன். அக்கா மளமளவென்று சொன்னாள். "பூட்டன் பலாவிளைத் தோப்பை வாங்கினாரு. எளுதுங்க, பொண்டாட்டி ஞானாயிக்க கம்மலை வித்து வாங்கினாரு."

சார் கையை எடுத்துவிட்டார். "அப்பிடி நான் எளுதலியே?"

"நீங்க எளுதல. ஒங்க அம்மை தேங்கா திருவும்போ எங்கிட்ட சொன்னா."

சங்கமம்

புத்தகம் சொன்ன நாளில் வந்துவிட்டது. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாரின் பழைய பக்கங்களில் பூட்டனுக்கும் பாட்டாவுக்கும் பெயர் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் வெறும் 'மனைவி'. இந்தப் புத்தகத்தில் ஞானாயி இருந்தாள், அவள் மருமகள்கள் இருந்தார்கள், சாரின் அம்மாவும் இருந்தாள். சாரின் தங்கை தன் அம்மா பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்து அழுதாள்.

சார் என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "கரண்டு ஒழுங்கா இருந்திருந்தா, இதுல ஒரு பொம்பளைக்க பேரும் வந்திருக்காது மக்கா."

ஆகவே யுபிஎஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இன்றைக்கும் சொல்வது: வாங்குங்கள், பத்திக்கு ஒரு தடவை சேவ் பண்ணுங்கள், ஆனால் எழுதியதை அடுக்களைக்குக் கேட்கும்படி உரக்க வாசித்துவிடுங்கள்.